செல்டிக் கலைஞர்களும் அமெரிக்க நாட்டுப்புறக் கலைஞர்களும் ஒரே மேடையில்: எதைக் கேட்பது?

கேள்வி: கிளாஸ்கோவில் படிக்கிறேன். ஜனவரியில் இங்கே நடக்கும் செல்டிக் கனெக்‌ஷன்ஸ் விழாவில் ‘டிரான்ஸ்அட்லாண்டிக் செஷன்ஸ்’ கச்சேரிக்கு ஒரு டிக்கெட் கிடைத்திருக்கிறது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும், இந்த இசை சுத்தமாகத் தெரியாது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்று அறைத்தோழர் பயமுறுத்துகிறார். போகலாமா? போனால் எதைக் கவனிப்பது?

பதில்:

தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் அறைத்தோழர் சொன்னது பொய்யில்லை. பழகாத காதுக்கு முதல் அரை மணி நேரம் எல்லாம் ஒரே வேகமான பிடிலாகத்தான் கேட்கும். முதல் தடவை சபாவுக்கு வரும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் வர்ணம் எங்கே முடிந்தது, கிருதி எங்கே தொடங்கியது என்று தெரியாதுதானே. காதுக்கு ஒரு கொழுகொம்பு கிடைத்தால் அப்புறம் அதுவே ஏறிக்கொள்ளும்.

என் பார்வையில் அந்தக் கொம்பு இதுதான்: ஒற்றுமையைத் தேடாதீர்கள், வித்தியாசத்தைத் தேடுங்கள். இந்த மாதிரிக் கச்சேரிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ‘கடல் பிரித்த குடும்பம் மறுபடி ஒன்றுகூடுகிறது’ என்ற கதையைத்தான் சொல்வார்கள். கேட்க இனிமையான கதை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியில்தான் இசையின் ருசியே இருக்கிறது.

முதலில் கச்சேரியைப் பற்றி. இது 1995-இல் தொலைக்காட்சித் தொடராகத் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்தில் ஒரு பெரிய மாளிகை வீடு, பார்வையாளர்கள் கிடையாது, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கக் கலைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பாட்டுக்கு மற்றவர் வாசிப்பார்கள், கேமரா அவர்களுக்கு நடுவே சுற்றும். 2013 வரை ஆறு தொடர்கள் வந்தன. ஷெட்லாண்ட் தீவைச் சேர்ந்த பிடில் கலைஞர் ஆலி பெய்ன் தொடக்கத்திலிருந்தே தலைமை. முதல் தொடரில் அமெரிக்கத் தரப்பில் ஜே உங்கர் என்ற பிடில் கலைஞர் உடன் இருந்தார். இரண்டாம் தொடரிலிருந்து அந்த இடம் டோப்ரோ என்ற மடிக் கிட்டார் வாசிக்கும் ஜெர்ரி டக்ளஸுக்கு. அதே அமைப்பைத்தான் பின்னால் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அரைவட்டமாக நாற்காலிகள், நடுவில் ஒரு நிரந்தரக் குழு, அதற்கு முன்னால் பாடகர்கள் மாறி மாறி வந்து ஒன்றிரண்டு பாட்டு பாடிவிட்டுப் போவார்கள். இடையிடையே வாத்திய இசை மட்டும். எம்மிலூ ஹாரிஸ், ஜேம்ஸ் டெய்லர், ரியானன் கிடன்ஸ் போன்ற பெரிய பெயர்கள் இந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது அந்த நிரந்தரக் குழுவை. அக்கார்டியனில் ஃபில் கன்னிங்ஹாம், குழலிலும் பைப்பிலும் (காற்றுப்பை வைத்த குழல்) மைக்கேல் மெக்கோல்ட்ரிக், கிட்டாரில் ஜான் டாய்ல் என்று அதில் தொடர்ந்து வாசித்தவர்கள் பலர். ஆண்டுக்கு ஆண்டு சில முகங்கள் மாறும்.

அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபிசைக்கு ஒட்டும் ‘செல்டிக்’ என்ற லேபிளை ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாசிக்கிறவர்கள் தங்களுக்குள் ‘டிராட்’ (டிரெடிஷனல், அதாவது மரபிசை) என்றுதான் சொல்வார்கள். ஆலி பெய்ன் பிறந்த ஷெட்லாண்டையே பாருங்கள். 1469 வரை நார்வே அரசின் கையில் இருந்த தீவுக் கூட்டம் அது, ஸ்காட்லாந்தின் செல்டிக் மொழியான கேலிக் அங்கே வேரூன்றவே இல்லை. அந்தத் தீவின் பிடில் பாணியிலும் ஸ்காண்டிநேவியச் சாயல் உண்டு. செல்டிக் இசையின் முகமாக உலகம் அறிந்த ஒருவர் கண்டிப்பாகப் பார்த்தால் செல்டிக் மண்ணைச் சேர்ந்தவரே இல்லை!

இப்போது அந்தக் குடும்பக் கதை. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக்குக் குடியேறிய பிரெஸ்பிடீரியன் மக்கள், அடுத்த நூற்றாண்டில் குத்தகை உயர்வு, விளைச்சல் பொய்த்தது, மதக் கட்டுப்பாடுகள் என்று பல காரணங்களால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோர் பென்சில்வேனியா பக்கம் இறங்கி, நிலம் தேடித் தெற்கே நகர்ந்து, ஷெனாண்டோ பள்ளத்தாக்கு வழியாக வர்ஜீனியா, வட கரோலினா, டென்னசி மலைகளுக்குள் போனார்கள். அவர்களோடு பிடில் மெட்டுகளும் கதைப்பாடல்களும் போயின. 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் மாட் கார்பிலிஸ் என்ற உதவியாளருடன் அந்த அப்பலாச்சிய மலைகளில் அலைந்து நூற்றுக்கணக்கில் பாடல்களைக் குறித்துக்கொண்டு வந்தார். லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் 1666-இல் தன் நாட்குறிப்பில் ஒரு நடிகை பாடக் கேட்டதாக எழுதிய ‘பார்பரா ஆலன்’ என்ற ஸ்காட்டிஷ் பாட்டை, இருநூற்றைம்பது ஆண்டு கழித்து மலைக் கிராமத்துப் பெண்கள் அவருக்குப் பாடிக் காட்டினார்கள்.

இதுவரை சரி. ஆனால் ஷார்ப் தேடிப் போனது பழைய இங்கிலாந்தை. கருப்பின மக்கள் வாசித்ததையும் பாடியதையும் அவர் ஏறக்குறைய கணக்கிலேயே எடுக்கவில்லை. அதே தவறைத்தான் குடும்பக் கதை சொல்கிறவர்கள் இன்றும் செய்கிறார்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளையர் நடனக் கூட்டங்களுக்குப் பிடில் வாசித்தவர்களில் பலர் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பாஞ்சோ அவர்களுடைய வாத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுக்கை வாத்தியங்களின் வழியில் வந்தது, குடுக்கையின் மேல் தோல் போர்த்தி, கட்டைவிரல் தட்டுவதற்கென்றே ஒரு குட்டை நரம்பு வைத்தது. அந்தக் குட்டை நரம்பின் துடிப்பு அருகில் ஒலிக்கத் தொடங்கியதும் பிடிலின் வில் போகும் விதமே மாறிவிட்டது. ஸ்காட்டிஷ் மெட்டு அமெரிக்க மெட்டானது அங்கேதான். அதாவது, இரண்டு தரப்பு சேரும் கச்சேரி என்று போஸ்டரில் போட்டாலும், நீங்கள் கேட்கப்போவது மூன்று தரப்பை. கருப்பினப் பாடகியும் பாஞ்சோ கலைஞருமான ரியானன் கிடன்ஸ் போன்றவர்கள் இதை மேடையிலேயே வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகுதான் இந்த நிகழ்ச்சிகளுக்குக் கொஞ்சம் முதுகெலும்பு வந்தது என்பது என் எண்ணம்.

போக்குவரத்து ஒரு திசையில் மட்டும் நடக்கவும் இல்லை. 1840-களில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு, முகத்தில் கரி பூசிக்கொண்டு கருப்பினத்தவரைக் கேலி செய்யும் வெள்ளையர் குழு, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுற்றுப்பயணம் செய்தது. அதுபோன்ற குழுக்களின் கையில்தான் பாஞ்சோ அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. வெட்கப்பட வேண்டிய வழி, ஆனால் வாத்தியம் தங்கிவிட்டது. ஐரிஷ்காரர்கள் இன்று வாசிக்கும் நாலு நரம்பு டெனர் பாஞ்சோவை, பிடிலுக்கு ஒரு ஸ்தாயி கீழே சுதி வைத்து மெட்டு வாசிக்கும் முறையை, டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா பிரபலமாக்கினார். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல் என்ற ஐரிஷ்காரர், அங்கே குடியேறிய தன் ஊர்க்காரர்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்து 1903-இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். அயர்லாந்தில் இருந்த வாசிப்பாளர்களே அதைப் பார்த்துக் கற்றார்கள். அயர்லாந்தின் ஸ்லைகோவிலிருந்து நியூயார்க் போன மைக்கேல் கோல்மன் 1920-களில் பதிவுசெய்த பிடில் இசைத்தட்டுகள் ஊருக்குத் திரும்பி வந்து, தாய்நாட்டுப் பாணியையே மாற்றிவிட்டன. எது மூலம், எது பிரதி என்று கேட்டால் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வரலாறு போதும். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன செய்வது?

நடைகளில் தொடங்குங்கள், உங்களுக்குச் சுலபமாக வரும். ரீல் என்பது சதுஸ்ர நடை, ஜிக் என்பது திஸ்ரம். அபூர்வமாக ஸ்லிப் ஜிக் வந்தால் மும்மூன்றாக ஒன்பது. ஸ்காட்லாந்துக்கே உரிய ஸ்ட்ராத்ஸ்பே என்ற வடிவத்தில் குறில் முந்திக்கொண்டு நெடில் பின்னால் வரும், ‘டக்-டா’ என்று வெட்டும். ஒருமுறை பிடிபட்டால் எங்கே கேட்டாலும் தெரிந்துவிடும். மெட்டின் அமைப்பும் எளிது. எட்டு அளவு கொண்ட முதல் பாகம் இருமுறை, இரண்டாம் பாகம் இருமுறை. இரண்டாம் பாகம் பெரும்பாலும் மேல் ஸ்தாயிக்குப் போகும், அனுபல்லவி மாதிரி. இதை இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு மூச்சு விடாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தாவும் இடத்தில் சுதியும் பல நேரம் மாறும். சபையில் திடீரென்று ‘ஊய்’ என்று சத்தம் கேட்கும், அது அந்தத் தாவலுக்குத்தான்.

ராகம் தேடும் காது உங்களுடையது என்பதால் இதையும் சொல்கிறேன். இந்த மெட்டுகள் எல்லாம் சங்கராபரணம் என்று நினைக்காதீர்கள். ஐரிஷ் மெட்டுகளில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்களும் ஹரிகாம்போதியின் ஸ்வரங்களும் தாராளமாக உண்டு. ஸ்காட்டிஷ் பாடல்களில் மோகனம் அடிக்கடி எட்டிப் பார்க்கும். ஸ்வரங்கள் மட்டும்தான், பிரயோகங்கள் வேறு. இந்த மெட்டுகள் நம் பக்கமும் வந்திருக்கின்றன. முத்துஸ்வாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினாரே, அந்த நொட்டுஸ்வரங்களில் ‘வந்தே மீனாக்ஷி’ என்பது ‘லிமெரிக்’ என்ற ஐரிஷ் மெட்டு. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் பிடிலைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்ததும் அதே காலம்தான். அதனால் முழு அந்நியராக நீங்கள் உள்ளே போகவில்லை.

அப்புறம் வில்லைப் பாருங்கள். ஐரிஷ் பிடில்காரர் இடது கை விரலால் ஸ்வரத்தை நொடியில் வெட்டுவார், உருட்டுவார். அலங்காரத்தில் பெரும்பகுதி விரலில். அப்பலாச்சியப் பாணியில் வாசிப்பவர் விரலை அவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார். இரண்டு நரம்பை ஒருசேர இழுத்து, ஒன்றைச் சுதிபோல விட்டுக்கொண்டு, தாளத்தை வில்லிலேயே போடுவார். சில மெட்டுகளுக்குப் பிடிலின் சுதியையே மாற்றி வைத்துக்கொள்வார். ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்டிஷ் மெட்டு அப்பலாச்சியாவில் ‘லெதர் பிரிச்சஸ்’ என்ற பெயரில் வாழ்கிறது. கச்சேரிக்கு முன் இரண்டையும் அடுத்தடுத்து ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். உறவு தெரியும், அதைவிட முக்கியமாக விலகல் தெரியும்.

என்னைக் கேட்டால், கச்சேரியின் உண்மையான சுவாரசியம் மரபுகளின் ஒழுங்கு மோதும் இடத்தில் இருக்கிறது. ஐரிஷ், ஸ்காட்டிஷ் மரபில் எல்லாரும் சேர்ந்து ஒரே மெட்டை வாசிப்பார்கள். ஆளுக்கு ஆள் அலங்காரம் லேசாக மாறும், அவ்வளவுதான். தனி ஆவர்த்தனம் என்ற எண்ணமே பழைய வழக்கில் கிடையாது. ஓல்ட்-டைம் என்ற பழைய அப்பலாச்சியப் பாணியில் வாசிக்கும் அமெரிக்கக் குழுவும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அவர்கள் ஒரே மெட்டைப் பத்து நிமிடம்கூட விடாமல் சுற்றுவார்கள், அடுத்த மெட்டுக்குத் தாவ மாட்டார்கள். புளூகிராஸ் வேறு ஜாதி. பில் மன்றோவின் குழுவில் 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்தபோது உருவெடுத்த பாணி அது. அங்கே ஒருவர் முன்னால் வந்து தன் சாமர்த்தியத்தைக் காட்டுவார், மற்றவர்கள் பின்வாங்குவார்கள். அடுத்தவர் வருவார். மாண்டலின் எதிரடியில் ‘சக் சக்’ என்று வெட்டிக்கொண்டே இருக்கும்.

இந்த மூன்று பழக்கமும் ஒரே அரைவட்டத்தில் உட்கார்ந்தால் யார் யாருக்கு வழிவிடுவது? கவனித்தால் தெரியும். ரீல் தொகுப்பு என்றால் அமெரிக்கர்கள் தனி வாசிப்பை விட்டுக்கொடுத்து மெட்டோடு ஒட்டிப் போவார்கள், அல்லது அடியில் நீண்ட ஸ்வரங்களாக நிற்பார்கள். பாடல் என்றால் அமெரிக்கப் பக்கத்து வழக்கம் வரும். சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவே டோப்ரோ நாலு வரி பேசும், அடுத்த இடைவெளி இல்லன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைப்புக்கு, அதற்கடுத்தது பிடிலுக்கு. யாருக்கு அடுத்து என்பதைக் கண்ஜாடையிலும் தலையசைப்பிலும் முடிவுசெய்வார்கள். இதற்காகவே மேடையின் கைகளும் முகங்களும் தெரியும் இடத்தில் உட்காருவது நல்லது. கச்சேரி நடக்கும் ராயல் கான்சர்ட் ஹாலில் மேல் மாடத்தின் நடுப்பகுதிகூட இதற்கு மோசமில்லை. முன்வரிசைப் பக்கவாட்டில் பாதிப்பேரின் முதுகுதான் தெரியும்.

டோப்ரோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு உங்களை முதலில் இழுக்கப்போவது அதுதான். உள்ளே உலோகக் கூம்பு வைத்த கிட்டார். ஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்கா வந்த டோபியேரா சகோதரர்கள் 1928-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே வாத்தியத்தின் பெயராகிவிட்டது. மடியில் படுக்க வைத்து, நரம்பின் மேல் எஃகுக் கட்டையைத் தேய்த்து வாசிப்பார்கள். இந்தத் தேய்ப்பு முறை ஹவாயிலிருந்து வந்தது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகியவருக்கு அந்த வழுக்கல் உடனே பிடிபடும். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கும் இடத்தை வாசிப்பதையே முதல் வேலையாகக் கொண்ட வாத்தியம் அது. ஜெர்ரி டக்ளஸ் நம் நாட்டு மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டுடன், எட்கர் மேயர் என்ற பேஸ் கலைஞரையும் சேர்த்துக்கொண்டு 1995-இல் ‘பர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்’ என்ற ஆல்பம் வெளியிட்டிருக்கிறார். கச்சேரிக்கு முந்தைய வாரம் கேட்டுப் பாருங்கள். அந்த மனிதரின் காது எவ்வளவு அகலமானது என்று தெரியும்.

பைப் என்றதும் கில்ட் கட்டிக்கொண்டு தெருவில் ஊதுவதை நினைத்துவிட வேண்டாம். அந்த ஹைலாண்ட் பைப்புக்கு ஒன்பது ஸ்வரம், ஒரே சத்தம், அதுவும் மண்டபத்தை நிரப்பும் சத்தம். இல்லன் பைப்ஸ் ஐரிஷ் வாத்தியம். உட்கார்ந்துதான் வாசிக்க முடியும். வாயால் ஊதுவதில்லை, முழங்கையால் துருத்தியை அழுத்துவார்கள். இரண்டு ஸ்தாயி வரும், குரலோடு ஒட்டும். பௌரான் என்ற தோல் வாத்தியம் வந்தால் வாசிப்பவரின் இடது கையைப் பாருங்கள். நம் கஞ்சிராக்காரர் செய்வதுபோல உள்ளிருந்து தோலை அழுத்திச் சுதியை ஏற்றி இறக்குவார்.

கேலிக் பாட்டு வந்தால் சபை சட்டென்று அமைதியாகிவிடும். வட உயிஸ்ட் தீவைச் சேர்ந்த ஜூலி ஃபோலிஸ், கேப்பர்கெய்லி குழுவின் கேரன் மேதிசன் போன்றவர்கள் இந்த மேடையில் பாடியிருக்கிறார்கள். பொருள் புரியாவிட்டால் பரவாயில்லை, அங்கே உட்கார்ந்திருக்கும் பெரும்பாலோருக்கும் புரியாது. வேகமான கேலிக் பாட்டு, ஒருவர் வரி எடுக்க மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவதாக இருந்தால், அது பெரும்பாலும் பெண்கள் கூடி உட்கார்ந்து கம்பளித் துணியை மேசையில் அடித்துப் பதப்படுத்தும்போது பாடிய வேலைப்பாட்டு. ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் கேட்டவர்களுக்கு அதன் அமைப்பை விளக்கத் தேவையில்லை. வாத்தியம் இல்லாத இடத்தில் நடனத்துக்காக வாயாலேயே மெட்டைப் பாடும் வகையும் உண்டு, வார்த்தைகள் கிட்டத்தட்ட ஜதி மாதிரி ஓடும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கச்சேரியின் கடைசி உருப்படியில் எல்லாரையும் மேடையில் ஏற்றிவிடுவார்கள். சபைக்குக் கொண்டாட்டம், ஆனால் நாலு பிடில், இரண்டு கிட்டார், அக்கார்டியன், பைப் எல்லாம் ஒன்றாக இறங்கும்போது எதுவும் தனியாகக் கேட்காது. பாடகர்கள் தலைக்கு ஒன்றிரண்டு பாட்டுதான் என்பதால் ஒருவர் சூடுபிடிக்கும் நேரத்தில் எழுந்து போய்விடுவார். இன்னொன்று, இந்த மெட்டுகள் ஆடுவதற்குப் பிறந்தவை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மெத்தை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து கேட்பது கொஞ்சம் வினோதம்தான். கைதட்டித் தாளம் போடுவார்கள், பாதியில் தாளத்தை முந்திக்கொண்டு ஓடவும் செய்வார்கள். நம் ஊர் ரசிகர்களின் தாளக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்காதீர்கள்.

அதனால் அந்த ஒரு டிக்கெட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பேன். 1994-இல் தொடங்கிய இந்த விழா இன்று இரண்டரை வாரத்துக்கு மேல், நகரம் முழுக்கப் பல அரங்குகளில் நடக்கிறது. சின்ன அரங்கில் இரண்டு பேர் மட்டும், ஒரு பிடில், ஒரு பாஞ்சோ என்று வாசிக்கும் கச்சேரி ஏதாவது அட்டவணையில் இருந்தால் அதற்கும் ஒரு டிக்கெட் வாங்குங்கள். நான் மேலே சொன்ன வில் வித்தியாசம் அங்கேதான் துல்லியமாகக் கேட்கும். மாணவர் என்பதால் செலவு உறுத்தும். டேனி கைல் என்ற ஸ்காட்டிஷ் நாட்டுப்புறப் பாடகர் பெயரில் நடக்கும் திறந்த மேடை இலவசம், புதியவர்கள் வாசிப்பார்கள், அடுத்த ஆண்டுகளின் பெரிய பெயர் சிலது அங்கிருந்தே வந்திருக்கிறது.

பப்புகளில் வாசிப்பாளர்கள் சும்மா கூடி உட்கார்ந்து வாசிக்கும் செஷனுக்கும் ஒரு நாள் போங்கள். ஆர்கைல் தெருவின் மேற்குக் கோடியில் இருக்கும் பென் நெவிஸ் அதற்குப் பேர்போன இடம். குடிக்காதவர் என்றால் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டு நின்றால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாசிப்பவர்களின் வட்டத்துக்குள் காலியாக இருக்கும் நாற்காலியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், அது தாமதமாக வரும் இன்னொரு வாசிப்பாளருக்கு. தாளம் போட ஆசையாக இருந்தால் காலால் போடுங்கள், மேசையைத் தட்ட வேண்டாம். வீடியோ எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போக்குவரத்து பற்றி ஒரு வரி. ராயல் கான்சர்ட் ஹாலுக்கு புக்கானன் தெரு சப்வே நிலையம் பக்கம், பேருந்து நிலையம் அதைவிடப் பக்கம். உங்கள் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால் சப்வே எப்போது நிற்கும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பேருந்தை முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.